தீவைக் கொடுப்பது யார், திரும்ப வாங்குவது யார்

கேள்வி கேட்டவர் சில வரிகளில் முடித்துவிட்டார். சுற்றுலாவை வளர்க்க வளரும் நாடுகளில் அரசும் தனியாரும் கைகோக்க வேண்டும் என்று எல்லா அறிக்கைகளும் சொல்கின்றனவே, அரசு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, தனியார் லாபத்தை எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர்தான் கூட்டா, அப்படியானால் மாலத்தீவு மட்டும் எப்படி ஜெயித்தது என்று கேட்டிருக்கிறார். கூட்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது, குத்தகை முடிந்தபின் யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

ஹோட்டல், ரிசார்ட் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று மதிப்பிடும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். அந்த வேலையில் இருப்பவர்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கங்களில் இருக்கும் வண்ணப் படங்களில் நேரம் செலவிடுவதில்லை. ஒப்பந்தத்தின் பின்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும் ரத்து விதியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள். என் பதிலிலும் அந்தத் தொழில் பழக்கம் தெரியும். பவளப்பாறைகளுக்கு என்ன ஆயிற்று, ஊர் வழக்கங்கள் எப்படி மாறின என்பவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பணமும் பொறுப்பும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

மாலத்தீவிலிருந்தே தொடங்கலாம். 1960களில் அங்கே வந்த ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர்கள், அந்தத் தீவுகள் சுற்றுலாவுக்கு ஏற்றவையல்ல என்று கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது அந்நாட்டில் இன்றும் சிரிப்போடு சொல்லப்படும் கதை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அன்றைக்கு அங்கே ஒரு ஹோட்டலுக்குத் தேவையான எந்த வசதியும் இல்லை. 1972இல் ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் ஒரு சிறு குழுவை அழைத்து வந்தார். உள்ளூர் இளைஞர்கள் சிலர் அவர்களைத் தங்கவைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாலே நகருக்கு அருகில் ஒரு தென்னந்தீவில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. திவேஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர். நம்முடைய குரும்பையை நினைவுபடுத்தும் சொல். அந்த ஆண்டில் மொத்தம் இரண்டு ரிசார்ட்டுகள், 280 படுக்கைகள், ஏறத்தாழ ஆயிரம் பயணிகள். 2024இல் வந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல்.

அரசு திட்டம் போட்டுத் தனியாரை அழைத்தது என்று பாடப்புத்தகங்கள் காட்டும் வரிசை அங்கே பொருந்தவில்லை என்பதை இதிலிருந்தே பார்க்கலாம். தனியார் முதலில் துணிந்தார்கள், அரசு பின்னால் வந்து விதிகளை எழுதியது. 1979இல் முதல் சுற்றுலாச் சட்டம், 1981இல் ஹுலுலே தீவில் சர்வதேச விமான நிலையம், 1983இல் முதல் பெருந்திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பின்னால் வந்தாலும், அரசின் கையில் விட்டுக்கொடுக்காத ஒரு பொருள் இருந்தது. ஆளில்லாத் தீவுகள் அரசுக்குச் சொந்தம்; அவற்றை அது விற்கவில்லை, குத்தகைக்கு மட்டுமே விட்டது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். மின்சாரம், கடல்நீரைக் குடிநீராக்குதல், கழிவுநீர் சுத்திகரிப்பு, படகுத்துறை, ஊழியர் குடியிருப்பு எல்லாம் குத்தகை எடுத்தவர் செலவு. தீவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டிடம் எழக்கூடாது, கட்டிடம் மரங்களின் உயரத்தைத் தாண்டக்கூடாது என்ற விதிகள் பல காலம் இருந்தன. இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், ரிசார்ட் தோற்றுப்போனால் நட்டம் நடத்துபவருக்கும் அவருக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும்தான். தீவு அரசிடமே திரும்பிவரும். முன்பு 21 ஆண்டு என்றிருந்த குத்தகைக் காலம் 2010இல் 50 ஆண்டு வரை நீட்டப்பட்டபோது பலர் அதைத் தாரைவார்ப்பு என்றார்கள். வங்கித் தரப்பில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அது முழுவதும் நியாயமான குற்றச்சாட்டாகப் படவில்லை. குத்தகையின் கடைசிப் பத்து ஆண்டுகளில் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள், கடன் கிடைக்காதவர் கூரையைக்கூடப் புதுப்பிக்க மாட்டார்.

பணத்தை அரசு எப்படி வாங்கியது என்பதுதான் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி. நெடுங்காலம் அங்கே படுக்கை வரி என்று ஒன்று இருந்தது. ஒரு பயணி ஓர் இரவு தங்கினால் இத்தனை டாலர், கடைசிக் காலத்தில் 8 டாலர். வசூலிக்க எளிது, ஏமாற்றுவது கடினம்; கணக்குப் பதிவேடு வைக்கத் தெரியாத அரசுக்கு அது சரியான வரி. ஆனால் நூறு டாலர் அறைக்கும் இரண்டாயிரம் டாலர் அறைக்கும் அதே 8 டாலர்தான். மாலத்தீவு மெல்ல மெல்ல உலகின் மிக விலையுயர்ந்த கடற்கரைகளில் ஒன்றாக மாறிக்கொண்டிருந்தபோது, அந்த விலை உயர்வில் அரசுக்கு ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லை. 2011 ஜனவரியில் சுற்றுலாத் துறைக்கான சரக்கு, சேவை வரி 3.5 சதவீதத்தில் தொடங்கியபோதுதான் ஒவ்வொரு ரிசார்ட்டும் உண்மையில் என்ன விலைக்கு அறையை விற்கிறது என்பதில் அரசுக்கு நேரடி அக்கறை பிறந்தது. அந்த வரி படிப்படியாக ஏறி 2025 ஜூலை முதல் 17 சதவீதமாக இருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் தீவின் வாடகையைப் படுக்கை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் முறை போய், நிலப்பரப்பை வைத்துக் கணக்கிடும் முறை வந்தது. அறை நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் வாடகை வந்துவிடும், நன்றாக நிரம்பினால் வரியும் கூடும் என்ற இந்த இரட்டை ஏற்பாடு, நான் படித்த ஒப்பந்த முறைகளில் அரசுக்குச் சாதகமானவற்றுள் ஒன்று. இதைக் கண்டடைய அவர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் கஜானாவுக்கு நல்லது. ஊருக்கு? மக்கள் வாழும் தீவுகளையும் ரிசார்ட் தீவுகளையும் பிரித்தே வைப்பது 1980களிலிருந்து அரசின் கொள்கையாக இருந்தது. ரிசார்ட்டில் கடல்நீர் சுத்திகரிப்பு இயந்திரம் இரவும் பகலும் ஓட, பக்கத்து ஊர்த் தீவில் மக்கள் மழைநீர்த் தொட்டியை நம்பியிருந்தார்கள். தனியார் தமக்கு வேண்டிய வசதிகளைத் தாமே கட்டிக்கொண்டதால் அரசுக்குச் செலவு மிச்சமானது உண்மை. அந்த வசதிகள் வேலிக்கு வெளியே ஒரு அடிகூட வரவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஊழியர்களில் குறைந்தது 45 சதவீதம் உள்நாட்டவராக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தும் வங்காளதேசம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே பெருமளவு வேலை பார்க்கிறார்கள், உள்ளூர்ப் பெண்கள் மிகக் குறைவு. வேறொரு தீவில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்க்க வேண்டியிருப்பதே அதற்கு முக்கியக் காரணம். 2009 வாக்கில் ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று கதவு திறக்கப்பட்ட பிறகுதான் சிறு முதலீட்டாளர்கள் நுழைய முடிந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சொந்த வீட்டை இடித்து எட்டு அறை கட்டியவர்களும் தொழிலுக்கு வந்தார்கள். இன்று நூற்றுக்கணக்கான விடுதிகள் இருக்கின்றன. இதற்கு அரசு பெரிதாக எதையும் முதலீடு செய்யவில்லை. ஒரு தடையை எடுத்தது, அவ்வளவுதான். கூட்டு என்றால் கோடிக்கணக்கில் கையெழுத்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதே நாட்டில் கூட்டு எப்படி முறிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2010 ஜூனில் மாலே விமான நிலையத்தை 25 ஆண்டுகளுக்கு நடத்தும் ஒப்பந்தம் இந்தியாவின் ஜி.எம்.ஆர். நிறுவனமும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்த கூட்டணிக்குக் கிடைத்தது. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் ஆலோசகராக இருந்து ஏலத்தை நடத்திக் கொடுத்தது. முன்பணம் 7.8 கோடி டாலர், திட்ட மதிப்பு 51.1 கோடி டாலர். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் புறப்படும் பயணி ஒவ்வொருவரிடமும் 25 டாலர் மேம்பாட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று அதில் ஒரு விதி இருந்தது. திட்டத்தின் கணக்கைத் தாங்கிய முக்கியத் தூண்களில் அது ஒன்று. நாடாளுமன்றம் அனுமதிக்காத வரியை ஒப்பந்தத்தின் மூலம் விதிக்க முடியாது என்று 2011 டிசம்பரில் ஒரு சிவில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இழப்பை அரசுக்குத் தர வேண்டிய பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று அப்போதைய அரசு இசைந்தது. 2012 பிப்ரவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசுக்கு விமான நிலையத்திலிருந்து வந்த வருமானம் சுருங்கிப்போனது. அந்த ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்து டிசம்பரில் நிலையத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளும் அதிகாரம் ஓர் இறையாண்மை அரசுக்கு உண்டு என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் செல்லத்தக்கதே, ஆகவே இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் மன்றம் 2014இல் சொன்னது. 2016இல் அந்த இழப்பீடு சுமார் 27 கோடி டாலர் என்று முடிவானது. அந்த அளவு மக்கள்தொகை கொண்ட நாட்டுக்கு அது சிறிய தொகையல்ல.

இதற்குப் பின் நடந்ததைத்தான் நான் இளைய சகாக்களிடம் எப்போதும் சொல்வேன். 2017 மே மாதத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் என்று அதே 25 டாலரை அரசே வசூலிக்கத் தொடங்கியது, இந்த முறை முறையான சட்டத்தின் மூலம். ஓடுபாதையையும் புதிய முனையத்தையும் வெளிநாட்டுக் கடனைக் கொண்டு அரசு நிறுவனமே கட்டியது. ஆக, கட்டணம் அநியாயம் என்பதோ தனியார் கூடாது என்பதோ அங்கே உண்மையான சிக்கல் அல்ல. தன் அதிகாரத்தில் இல்லாத ஒன்றை ஓர் அரசு வாக்களித்ததும், ஆலோசகர்களும் வங்கிகளும் அதைக் கவனித்தும் கடந்துபோனதுமே சிக்கல். இது என் மதிப்பீடு; அரசியல் காரணங்களே முதன்மையானவை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

நல்ல குத்தகை முறை இருப்பதாலேயே அது நேர்மையாக நடக்கும் என்பதும் இல்லை. 2014, 2015 ஆண்டுகளில் அங்கே அரசுக்குச் சொந்தமான சுற்றுலா விளம்பர நிறுவனத்தின் வழியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகளும் கடற்பரப்புகளும் திறந்த ஏலம் இல்லாமல் கொடுக்கப்பட்டன. அரசுக்குச் சேர வேண்டிய குத்தகைப் பணத்தில் சுமார் 7.9 கோடி டாலர் வேறு வழியில் போனதாகக் கணக்குத் தணிக்கையாளர் 2016இல் அறிக்கை கொடுத்தார். முன்னாள் துணை அதிபர் ஒருவர் 2020இல் இதற்காகத் தண்டிக்கப்பட்டார். ஏலம் விட வேண்டிய கை ஏலத்தைத் தவிர்க்க ஒரு சட்ட வாசலைத் திறந்துவைத்தால், ஒப்பந்தத்தின் மற்ற பக்கங்களில் எத்தனை நல்ல விதிகள் இருந்தும் பயனில்லை.

மாலத்தீவுக்கு நேர் எதிரான பாதையில் போனது மெக்சிகோ. கான்கூனில் முதல் துணிவு அரசுடையது. அந்நாட்டு மத்திய வங்கியின் அதிகாரிகள்தான் 1960களின் இறுதியில் அந்த மணல் திட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970இல் வேலை தொடங்கியது. 1971இல் இடை அமெரிக்க வளர்ச்சி வங்கி இரண்டு கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது. சாலை, விமான நிலையம், குடிநீர் எல்லாம் பொதுப் பணத்தில் வந்தன. அப்போதும் தனியார் தயங்கியதால் முதல் ஹோட்டல்களில் சிலவற்றுக்கு அரசே முதல் போட வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஆழம் பார்த்த தண்ணீரில்தான் காலை வைத்தார்கள். 2005இல் வில்மா புயல் கடற்கரை மணலை வாரிக்கொண்டு போனபோது, மீண்டும் மணல் கொட்டிய செலவில் பெரும்பங்கு பொதுப் பணத்தினுடையதே. டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவில் இது இன்னொரு விதமாக நடந்தது. 1969இல் தனியார் குழு ஒன்று சாலைகூட இல்லாத கடற்கரையை வாங்கி, 1980களின் முற்பகுதியில் விமான நிலையத்தையும் தானே கட்டிக்கொண்டது. இன்று அந்நாட்டில் அதிகப் பயணிகள் வந்திறங்கும் நிலையம் அதுதான். அங்கே அரசின் பங்கு பெரும்பாலும் வரி விலக்குதான். மாலத்தீவு வரி வாங்கக் கற்றுக்கொள்வதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, அங்கே 2001இல் ஒரு சட்டம் இயற்றிப் புதிய ஹோட்டல்களுக்கு நீண்ட கால விலக்கு அளித்தார்கள். பயணிகள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்று இடங்களுமே வெற்றிதான். யார் எதைச் செலுத்தினார் என்ற பேரேட்டைப் புரட்டும்போதுதான் வேறுபாடு தெரியும்.

நமக்கு அருகில் பார்க்க விரும்பினால், வட கேரளத்தின் பேக்கல் கோட்டைப் பகுதி இருக்கிறது. 1995இல் அதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் அமைத்து, நிலம் எடுத்து, ஆறு ரிசார்ட் மனைகளாகப் பிரித்துத் தனியாருக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2010களின் தொடக்கத்தில் இரண்டு பெரிய ஹோட்டல்கள் வந்தன. மற்ற மனைகள் நெடுங்காலம் அப்படியே கிடந்தன. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலையும் இல்லை, பழைய நிலமும் இல்லை என்ற இடைவெளி இத்தகைய திட்டங்களில் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. நான் மதிப்பிட்ட ஒரு கடற்கரைத் திட்டத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். ஹோட்டல் இரண்டே ஆண்டில் எழுந்துவிட்டது. அரசு தருவதாகச் சொன்ன சாலையும் குடிநீர்க் குழாயும் மேலும் ஐந்து ஆண்டுகள் வரவில்லை. ஹோட்டல் லாரித் தண்ணீர் வாங்கியது, லாரிக்காரர்கள் பக்கத்து ஊர்க் கிணறுகளில் எடுத்தார்கள், ஊர்க்காரர்கள் ஹோட்டல் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கடன் வாராக்கடனாயிற்று. தனியார் ஒரு நாள் தாமதித்தால் எவ்வளவு அபராதம் என்று அந்த ஒப்பந்தத்தில் துல்லியமாக எழுதியிருந்தது. அரசு தாமதித்தால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. அதைக் கவனித்துக் குறிப்பெழுதியவர்களில் நானும் ஒருவன், ஆனால் அந்தக் கடனை மறுக்கும்படி பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரையும் ஒரு தரப்பாகவே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்த நாடு என்று நமீபியாவைச் சொல்வேன். 1996இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் மக்கள் தங்கள் எல்லையை வரையறுத்துப் பதிவு செய்துகொண்டால் அங்குள்ள வனவிலங்கின் மீதும் சுற்றுலாவின் மீதும் உரிமை பெறலாம் என்றார்கள். டமாராலாந்துப் பகுதியில் டோரா சமூகத்தினர் ஒரு தனியார் நிறுவனத்தோடு செய்துகொண்ட முகாம் ஒப்பந்தத்தில் வருவாயில் பத்து சதவீதமும் உள்ளூர் வேலைவாய்ப்பும் எழுதப்பட்டிருந்தன. இன்று எண்பதுக்கு மேற்பட்ட இத்தகைய அமைப்புகள் இருக்கின்றன. இதைப் பொற்காலமாகக் காட்டவும் கூடாது. எல்லா அமைப்புகளுக்கும் நல்ல வருமானம் இல்லை, 2020இல் விமானங்கள் நின்றபோது பலவற்றில் வனக்காவலர் சம்பளமே கேள்விக்குறியானது. ஆயினும் அங்கே அரசு முதலில் கொடுத்தது பணமோ நிலமோ அல்ல, பேரம் பேசும் உரிமை.

கேள்வி கேட்டவர் படித்த அறிக்கைகளில் வரும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலாப் பயணி செலவிடும் ஒவ்வொரு நூறு டாலரிலும் இத்தனை வெளிநாட்டுக்கே திரும்பிப் போகிறது, ஒரு ஹோட்டல் அறை இத்தனை வேலைகளை உருவாக்குகிறது என்றெல்லாம் வரும் கணக்குகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். பயணி தன் ஊரிலேயே விமான நிறுவனத்துக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கசிவு பயங்கரமாகத் தெரியும், சேர்க்காவிட்டால் பாதியாகிவிடும். எழுதுபவரின் நோக்கத்துக்கேற்ப இரண்டுமே பயன்படுத்தப்படுகின்றன. குத்தகைத் தொகை, வரி விகிதம், காலக்கெடு போன்றவை கையெழுத்திட்ட தாள்களில் இருப்பவை, அவற்றை நம்பலாம். மறைமுக வேலைவாய்ப்பு என்று வருவதெல்லாம் ஊகத்தின் மேல் கட்டிய ஊகம்.

ஆகவே, தனியார் லாபம் எடுப்பதற்குப் பெயர்தான் கூட்டா என்ற கேள்விக்கு, பல இடங்களில் ஆம் என்றே சொல்வேன். ஆனால் லாபம் எடுப்பது அங்கே குற்றமல்ல, நட்டத்தை மட்டும் ஊர் தலையில் கட்டுவதுதான் குற்றம். உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வருவதாகக் கேள்விப்பட்டால், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதற்கு முன், குத்தகை ஏலத்தில் போனதா, வாடகை எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அரசு வாக்களித்த கட்டணங்களுக்கும் விலக்குகளுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதல் இருக்கிறதா, சாலையும் தண்ணீரும் தாமதமானால் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று கேளுங்கள். இந்தியாவில் இருப்பவரானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்த நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வணிக ரகசியம் என்று சில பக்கங்களை மறைப்பார்கள், ஆனால் குத்தகைக் காலமும் ரத்து விதியும் அந்தப் பக்கங்களில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று மேல்முறையீட்டில் வாதிட இடமிருக்கிறது. நகல் கிடைத்தால் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.